முதல் நாவல் எழுதப் போகும் தங்கச்சிக்கு

தலைப்பு யோசிப்பதை இன்றோடு நிறுத்து. அட்டைப்படத்துக்கு யாரைப் பிடிக்கலாம் என்ற யோசனையையும் மூட்டை கட்டி வை. நாவல் எழுதப் போகிறேன் என்று என்னிடம் வந்த பிள்ளைகளில் பலர் இந்த இரண்டிலேயே ஆசை தீர்ந்து அடங்கிப் போனார்கள். முகநூலில் அட்டையைப் போட்டு, லைக் வாங்கி, அதோடு சரி. உள்ளே ஒரு பக்கம்கூட இருக்காது.

நீ எழுத நினைப்பது இளையோர் நாவல். பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயசுக்குள் இருக்கிற பிள்ளைகள் எடுத்துப் படிக்கிற நாவல். நமக்குச் சிறுவர் கதைகள் உண்டு, பெரியவர்களுக்கான நாவல்கள் உண்டு. நடுவில் நிற்கிற இந்த வயசுக்கு எழுதுகிறவர்கள் குறைவு. படிவம் மூன்று, படிவம் ஐந்து பிள்ளைகளோடு நாள் முழுக்க நிற்கிறவள் நான். அவர்கள் பையில் ஆங்கில நாவல் இருக்கும், மலாய்க் காதல் நாவல் இருக்கும், போனில் கொரிய சீரியல் ஓடும். தமிழ் என்றால் பாடநூல் மட்டும்தான். மேடை ஏறினால் இந்தத் தலைமுறை தமிழ் படிப்பதில்லை என்று எல்லாரும் திட்டுகிறோம். அவர்களுக்கென்று என்ன எழுதி வைத்திருக்கிறோம், சொல்லு பார்ப்போம்.

அதனால் நீ எழுது. எப்படி என்று கேட்டாயே, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அவள் கண்ணுக்குள் உட்கார்

இளையோர் நாவல் என்றால் எளிய தமிழில் எழுதின பெரியவர் நாவல் இல்லை. நன்னெறிக் கல்விப் பாடமும் இல்லை. பதினாறு வயசுக்காரி ஒருத்தியின் கண்ணுக்குள் உட்கார்ந்துகொண்டு, அவளுக்குத் தெரிந்ததை மட்டும் தெரிந்துகொண்டு, தெரியாதது தெரியாமலே எழுதுவது. இதைப் பிடித்துக்கொண்டால் நீ கேட்ட மற்றக் கேள்விகளுக்குப் பாதிப் பதில் தானாக வந்துவிடும்.

இதற்குப் பாடம் வேண்டுமென்றால் வெகுதூரம் போக வேண்டாம். ஹன்னா அல்காஃப் என்று ஒருவர், நம்ம மலேசியர், ஆங்கிலத்தில் எழுதுகிறவர். பத்திரிகை எழுத்திலிருந்து வந்தவர். மனநோயோடு வாழும் மலேசியர்களைப் பற்றி 2016-ல் 'கீலா' என்று ஒரு கட்டுரைப் புத்தகம் போட்டார். அப்புறம் 2019-ல் வந்தது அவருடைய முதல் இளையோர் நாவல், 'தி வெயிட் ஆஃப் அவர் ஸ்கை'. அமெரிக்காவில் சைமன் அண்ட் ஷுஸ்டர் வெளியிட்டது. கதை நடப்பது 1969 மே 13, கோலாலம்பூர்.

மே 13 இனக்கலவரம் என்றால் நம் வீடுகளில் இன்னமும் குரல் தாழ்கிற விஷயம். அரசாங்கக் கணக்கில் செத்தவர்கள் 196 பேர். இதை ஒருவர் எழுத உட்கார்ந்தால் என்னவெல்லாம் எழுதத் தோன்றும்? தேர்தல், கட்சிகள், ஊர்வலம், யார் முதலில் கை ஓங்கியது. ஹன்னா அதற்குள் போய் மாட்டிக்கொள்ளவில்லை. மெலாத்தி என்று ஒரு பெண், வயசு பதினாறு, பீட்டில்ஸ் பாட்டு என்றால் உயிர். அவளுக்குள் ஒரு ஜின் உட்கார்ந்திருக்கிறது என்று அவள் நம்புகிறாள். மூன்று மூன்றாக எண்ணித் தட்டாவிட்டால் அம்மா செத்துப்போவாள் என்று அது மிரட்டுகிறது. அந்தக் காலத்தில் அதற்கு மருத்துவப் பெயர் சொல்ல அவளைச் சுற்றி யாருமில்லை. சிநேகிதியோடு படம் பார்க்கப் போன அன்றைக்குக் கலவரம் வெடிக்கிறது. ஒரு சீன அம்மா அவளைக் காப்பாற்றித் தன் வீட்டுக்குக் கூட்டிப் போகிறார். மெலாத்தியின் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவரைத் தேடிப் போக வேண்டும். கதை அவ்வளவுதான்.

இதில் நீ கவனிக்க வேண்டியது என்ன தெரியுமா? ஊர் எரிகிறபோதும் அந்தப் பிள்ளைக்கு ஒரே ஒரு வேலைதான்: அம்மாவைக் கண்டுபிடிப்பது. வாசிக்கிற பிள்ளைக்கு 1969 அரசியல் தெரியாவிட்டாலும் அம்மாவைக் காணோம் என்றால் புரியும். வரலாறு அவள் ஓடுகிற தெருவின் இரண்டு பக்கமும் வந்து நிற்கும், அவள் பார்க்கிற அளவுக்கு மட்டும். இன்னொன்று, புத்தகத்தின் முன்பக்கத்திலேயே, உள்ளே வன்முறையும் மரணமும் மனநோயும் வரும், தாங்காதவர்கள் யோசித்துப் படியுங்கள் என்று ஆசிரியர் சொல்லிவிடுகிறார். பிள்ளைகளுக்கு எழுதுகிறவரின் பொறுப்பு அது. பயந்து மறைக்கவும் இல்லை, அவர்கள் முகத்தில் விட்டெறியவும் இல்லை.

ஆக, முதல் அத்தியாயம் எழுதுவதற்கு முன்னால் ஒரு தாளில் ஒரே ஒரு வரி எழுது. உன் கதாநாயகிக்கு என்ன வேண்டும்? 'சுதந்திரம்', 'அங்கீகாரம்' என்றெல்லாம் எழுதினால் கிழித்துப் போடு. எஸ்.பி.எம். டியூஷன் கட்டணம் வேண்டும், ஓடிப்போன அண்ணன் வீட்டுக்கு வர வேண்டும், நடனப் போட்டிக்குப் போக அப்பா கையெழுத்து வேண்டும் என்று கையில் பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

நம்ம மண்ணில் கிடக்கிற கதை

கம்போங் மேடானில் வளர்ந்தவளுக்கு நான் இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. 2001 மார்ச்சில் இங்கே நடந்தது உனக்கு வீட்டுப் பேச்சில் துண்டு துண்டாகத்தான் தெரியும். நீ அப்போது தொட்டிலில் கிடந்தவள். ஒரு பக்கம் கல்யாணக் கூடாரம், இன்னொரு பக்கம் துக்க வீடு, நடுவில் ஒரு உரசல் என்று தொடங்கி, கம்போங் மேடானும் அதைச் சுற்றியுள்ள கம்பங்களும் நாள்கணக்கில் நடுங்கின. ஆறு பேர் செத்தார்கள். வெட்டுப்பட்டவர்களில் நம்மவர்கள்தான் அதிகம். புறம்போக்குக் குடியிருப்பு, வேலையில்லாத இளைஞர்கள், ஓடாத சாக்கடை, எல்லா இனத்து ஏழைகளையும் ஒரே இடத்தில் நெருக்கி வைத்தது என்று காரணம் ஆயிரம் சொல்வார்கள். உன் நாவலில் அதையெல்லாம் பட்டியல் போடாதே. உன் கதாநாயகி அந்தச் சாக்கடையைத் தாண்டிக் குதித்துப் பள்ளிக்கூடப் பஸ் பிடிக்கட்டும். போதும்.

இதை எழுதித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிரிக்ஃபீல்ட்சில் பூக்கட்டுகிற பெண்ணின் கதை எழுது, கிள்ளானில் ஃபுட்சால் ஆடுகிற பெண்ணின் கதை எழுது, பேய்க்கதை எழுது, எனக்குச் சம்மதம். ஆனால் இதைத் தொடுவதென்றால் முறையாகத் தொடு.

பெரியவர்களிடம் போய் "கலவரத்தப்போ என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் ஒன்றும் வராது. பத்திரிகையில் வந்ததையே திருப்பிச் சொல்வார்கள், இல்லையென்றால் "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்று எழுந்து போவார்கள். "அன்னிக்கு ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டுப் பார். வீட்டில் யார் யார் இருந்தார்கள், கதவுக்குப் பின்னால் எதை முட்டுக் கொடுத்தார்கள், டெலிபோன் யார் வீட்டில் இருந்தது, பிள்ளைக்குப் பால் மாவு தீர்ந்தபோது யார் போய் வாங்கினார்கள் என்று கேள். அப்புறம் அவர்களாகவே பேசுவார்கள். நீ நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டார்கள். மலாய்க்கார மாக்சிக் வீட்டிலும் உட்கார்ந்து இதே கேள்விகளைக் கேள். ஒரு பக்கத்துக் கதவு மட்டும் திறந்து எழுதின நாவல் பிள்ளைகளுக்கு ஆகாது. பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேள். பெயர், வீட்டு எண், தொழில் எல்லாவற்றையும் மாற்று. ஒருவருடைய காயத்தை அப்படியே தூக்கிக் கதாபாத்திரத்துக்கு மாட்டாதே. நாலு பேரிடம் கேட்டதைக் கரைத்து ஒருத்தியாக்கு.

எழுதும்போது இந்த வித்தியாசத்தைப் பார். இப்படி ஒரு வரி உனக்கு முதலில் வரும்: "அந்தக் கலவரம் எங்கள் வாழ்க்கையையே புரட்டிப் போட்டது." இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம், எந்தக் கலவரத்துக்கு வேண்டுமானாலும் எழுதலாம். இதையே அந்தப் பெண்ணின் கண்ணில் வைத்தால்: "அம்மா ஜன்னலில் பாயை ஆணி அடித்து மாட்டியிருந்தாள். மூன்று நாளாக வீட்டில் மத்தியானமே கிடையாது. பல் தேய்க்க எழுந்தால்கூட 'எங்கடி போறே' என்றாள். குளியலறைக்குத்தான் என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை." கலவரம் என்ற சொல்லே இதில் இல்லை. படிக்கிற பிள்ளைக்குப் பயம் வரும்.

பழைய பத்திரிகைகளை ஜாலான் துன் ரசாக்கில் இருக்கிற தேசிய நூலகத்தில் போய்ப் பார். தமிழ் நேசன் 2019-ல் நின்றுபோனது, ஆனால் அதன் பழைய பக்கங்களில் நம் வாழ்க்கை கிடக்கிறது. செய்தியைவிட விளம்பரங்களைப் பார்ப்பது நல்லது. அந்த வாரம் என்ன படம் ஓடியது, சேலை என்ன விலை, எந்தக் கோயிலில் திருவிழா, எல்லாம் அங்கே இருக்கும்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்து வை. 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சு ஒரு புத்தகத்தைத் தடை செய்யலாம். நம்ம கம்போங் மேடான் சம்பவத்தைப் பற்றி கா. ஆறுமுகம் தமிழில் எழுதின 'மார்ச் 8' தடை செய்யப்பட்டது. ம. நவீனின் 'பேய்ச்சி' நாவல் 2019-ல் வந்து, 2020 டிசம்பரில் ஆபாசம் என்ற காரணத்தில் தடையானது. இதைக் கேட்டுப் பேனாவை மூடி வைக்காதே. ஒவ்வொரு பக்கத்திலும் எதை எதற்காக வைத்திருக்கிறாய் என்று யாராவது கேட்டால் பதில் உன்னிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எப்போது எழுதுவது

வேலைக்குப் போகிறாய், அம்மாவுக்கு உதவுகிறாய், ஞாயிற்றுக்கிழமை கோயில், உறவுக்காரர் கல்யாணம். நேரம் எங்கே என்கிறாய். கம்போங் டத்தோ ஹருண் ஸ்டேஷனில் கொமுட்டர் ஏறி கே.எல். சென்ட்ரல் போகிறாயே, அது நேரம். ரயில் வரத் தாமதமானால் இன்னும் நல்ல நேரம். நடுவில் இருக்கிற பெண்கள் பெட்டியில் ஓரமாக உட்கார்ந்து போனில் தட்டு.

ஒரு நாளைக்கு முந்நூறு சொல். அதற்கு மேல் வேண்டாம், அதற்குக் கீழும் வேண்டாம். ஆறு மாதத்தில் ஐம்பத்து நாலாயிரம் சொல் வந்துவிடும். இளையோர் நாவலுக்கு அது தாராளம். தமிழில் ஒரு சொல்லே பல சமயம் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொல் செய்கிற வேலையைச் செய்துவிடுவதால் நாற்பதாயிரத்திலேயே நல்ல புத்தகம் நிற்கும். வீட்டில் போய் எழுதலாம் என்று தள்ளிப்போடாதே. வீட்டில் கட்டில் இருக்கிறது.

தமிழில் தட்டத் தெரியாது என்ற சாக்கும் உனக்கு இல்லை. உலகமெல்லாம் தமிழர் போனில் வைத்திருக்கிற செல்லினம் யார் செய்தது? நம்ம மலேசியர் முத்து நெடுமாறன். கணினியில் முரசு அஞ்சலை 1985-லேயே கொண்டுவந்தவர். அவருடைய அப்பா கவிஞர் முரசு நெடுமாறன், பிள்ளைகளுக்குப் பாட்டெழுதியவர். தட்டச் சோம்பலாக இருக்கிற நாளில் வாயால் சொல்லி எழுத வைக்கலாம். சந்தியும் ஒற்றும் கன்னாபின்னாவென்று வரும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ராத்திரியும் ஒரு பிரதியை உன் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள். போன் மாமாக் கடை மேசையில் மறந்துபோகிற சாமான்.

முதல் வரைவைத் திருத்திக்கொண்டே போகாதே. முதல் அத்தியாயத்தை மட்டும் பளபளவென்று தேய்த்து வைத்துக்கொண்டு இரண்டாம் அத்தியாயம் இல்லாமல் இருக்கிறவர்கள் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ பேர். மோசமாக இருந்தாலும் கடைசிப் பக்கம் வரை போ.

எந்தத் தமிழில் எழுதுவது

இதில்தான் உனக்குப் பெரிய சண்டை வரும். சங்கத்துப் பெரியவர்கள் தூய தமிழ் என்பார்கள். உன் வாசகி இப்படியா பேசுகிறாள்?

"மின்தூக்கி பழுதாகிவிட்டது, தோழி."

நம்ம பிளாட்டில் காதைத் தீட்டிக்கொண்டு கீழே நில்.

"லிஃப்ட் ரோசாக் லா."

"திரும்பவுமா? பத்தாம் மாடிடி!"

"நட. ஜிம்முக்குக் காசு மிச்சம்."

இதுதான் அவள் மொழி. பேச்சை இப்படி வை. கதை சொல்கிற குரலை நல்ல, எளிய, சுத்தமான தமிழில் வை. இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். பேச்சில் வருகிற மலாய்ச் சொல்லுக்கு அடிக்குறிப்பு போடாதே. தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியாதே என்று கவலைப்படாதே. மதுரைப் பேச்சும் நாகர்கோவில் பேச்சும் நாம் இங்கே உட்கார்ந்து படித்துப் புரிந்துகொள்ளவில்லையா? நம்முடையதையும் அவர்கள் படித்துப் புரிந்துகொள்ளட்டும். வெள்ளி என்றே எழுது, ரூபாயாக்காதே. ஒட்டுக்கடையை ஒட்டுக்கடையாகவே விடு.

ஆனால் ஒன்று. இன்றைக்குப் பிள்ளைகள் வாயில் ஓடுகிற டிக்டாக் சொல் அடுத்த தீபாவளிக்குள் செத்துவிடும். அதைப் பக்கத்துக்குப் பக்கம் தூவினால் புத்தகமும் அதோடு போகும். 'லா' போகாது. அது நம்மோடுதான் இருக்கும்.

யாரைப் படிப்பது

இன்ஸ்பிரேஷன் எங்கிருந்து வரும் என்று கேட்டிருந்தாய். மழை, நிலா, கடற்கரை என்று சொல்கிற எழுத்தாளர்களை நம்பாதே. படிப்பதிலிருந்து வரும், ஒட்டுக் கேட்பதிலிருந்து வரும்.

கே.எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்' படி. 1981-ல் வந்த அவருடைய முதல் நாவல், கெடாவில் ஒரு சின்ன ஊரில் வளர்கிற தமிழ்ப் பையனின் கதை. மணியத்தின் அப்பா பீடோங் ஆஸ்பத்திரியில் துணி வெளுத்தவர். அந்த வேலையும் அந்த வீட்டு மனிதர்களும் நாவலுக்குள் வேறு உருவில் வந்து நிற்பதைப் பார். சொந்த வீட்டுக் கதையைக் கதையாக்குவது எப்படி என்று அதில் கற்றுக்கொள்ளலாம். இது பிள்ளைகளுக்கென்று எழுதினது இல்லை, ஆனால் பிள்ளையின் கண் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் நாட்டில் எனக்குத் தெரியாது.

தமிழில் கெடாவைச் சேர்ந்த ஆசிரியர் கே. பாலமுருகன் 'மர்மக் குகையும் ஓர் இரகசியமும்' மாதிரி மர்ம நாவல்களை மாணவர்களுக்கென்றே எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டில் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியை வைத்து எழுதினது, 2023-ல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கியது. ஷியாம் செல்வதுரையின் 'ஸ்விம்மிங் இன் த மான்சூன் சீ' 2005-ல் ஆங்கிலத்தில் வந்த இளையோர் நாவல். கொழும்பில் 1980-ல் பதினாலு வயசுப் பையன் ஒருவன் தன்னைத் தானே அறிந்துகொள்கிற கதை. அதில் பெரியவர்கள் யாரும் வில்லனும் இல்லை, தெய்வமும் இல்லை. நீயும் அம்மா அப்பாவை அப்படி எழுதப் பழகு. திட்டுகிற அம்மா ஏன் திட்டுகிறாள் என்று கதாநாயகிக்குத் தெரியாமல் இருக்கலாம். உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படித்துவிட்டு அவர்களைப் போல் எழுதாதே. ஒரு காட்சி பிடித்திருந்தால், அதில் யார் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று மட்டும் நோட்டில் எழுதி வை.

யாரிடம் காட்டுவது

என்னிடம் காட்டாதே. நான் சந்திப் பிழை பார்ப்பேன். இப்போது உனக்கு அது வேண்டாம். பதினஞ்சு, பதினாறு வயசில் இரண்டு பிள்ளைகளைப் பிடி. ஒருத்தி நன்றாகப் படிக்கிறவள், இன்னொருத்தி புத்தகம் என்றாலே கொட்டாவி விடுகிறவள். அச்செடுத்துக் கொடு, கூடவே ஒரு பென்சிலும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு அக்கா" என்றுதான் வரும். நம் பிள்ளைகள் மரியாதையானவர்கள். "படிக்கும்போது எந்த இடத்தில் போனைக் கையில் எடுத்தாயோ அந்த இடத்தில் ஒரு கோடு போடு" என்று சொல்லு. கோடு விழுந்த இடத்தைப் போய்ப் பார். அநேகமாக அங்கே நீ அறிவுரை சொல்லிக்கொண்டிருப்பாய், இல்லையென்றால் சூரிய உதயத்தை வர்ணித்துக்கொண்டிருப்பாய்.

கொட்டாவி விடுகிறவள் போட்ட கோடுகளுக்கு முதல் மரியாதை.

அப்புறம் ஒரு மலாய்ச் சிநேகிதியிடமும், முடிந்தால் ஒரு சீனச் சிநேகிதியிடமும் அவர்கள் வீட்டுக் காட்சிகளை வாயால் சொல்லிக் காட்டு. "எங்க வீட்ல அப்படி உட்கார மாட்டாங்க" என்று ஒரு வரி சொன்னால் போதும், அந்தக் காட்சி பிழைத்துவிடும்.

வீட்டில் அம்மா படித்துவிட்டு "இது நம்ம சித்தி கதையா?" என்று கேட்பாள். தயாராக இரு. இல்லை என்று சத்தியம் செய்யாதே, ஆமாம் என்றும் சொல்லாதே. டீ போட்டுக் கொடு.

புத்தகமாக்குவது

முதலில் சின்னதாகத் தொடங்கு. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நடத்துகிற சிறுகதைப் போட்டி இருக்கிறது, மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கமும் போட்டிகள் வைக்கிறது. நாவலிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்துத் தனிக் கதையாக்கி அனுப்பு. பரிசு வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் கெடு தேதிக்குள் எழுதி முடிக்கிற பழக்கம் வரும். ஆனால் போட்டி விதிகளில் பதிப்புரிமை யாருக்கு என்ற வரியைத் தேடிப் படி. அந்தக் கதை பின்னால் உன் நாவலுக்குள் வர வேண்டும் இல்லையா?

இங்கே தமிழ் நாவல் போடுகிறவர்களில் பலர் கைக்காசு போட்டுத்தான் போடுகிறார்கள். பாதகமில்லை, கணக்கோடு செய். அச்சகம் எத்தனை பிரதிக்கு என்ன விலை சொல்கிறது என்று எழுத்தில் வாங்கு. அதிகம் அடித்தால் பிரதிக்கு விலை குறையும் என்று ஆசை காட்டுவார்கள். குறையும்தான். மிச்சமெல்லாம் உன் கட்டிலுக்குக் கீழே பெட்டி பெட்டியாகப் படுத்திருக்கும். உன் கையெழுத்துப் பிரதியைப் பார்க்காமலே "பிரமாதம், போட்டுடலாம், இவ்வளவு வெள்ளி கட்டுங்க" என்கிற ஆள் யாராக இருந்தாலும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வா.

ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தேசிய நூலகத்தில் விண்ணப்பித்து வாங்கலாம், காசு கிடையாது. அதற்குத் தனியாகப் பணம் கேட்கிறவரிடம் இதைச் சொல்லு. அச்சானதும் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து பிரதிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும். பெரும்பாலும் மறந்துபோகிற விஷயம் இது. உன் புத்தகம் நாட்டின் அலமாரியில் நிற்கும், விட்டுவிடாதே.

வெளியீட்டு விழா பற்றி எனக்கு வேறு மாதிரிக் கருத்து உண்டு. குத்துவிளக்கு, பொன்னாடை, பிரமுகர் முதல் பிரதியை உறையில் பணம் வைத்து வாங்குவது என்பதெல்லாம் அச்சுச் செலவை மீட்க நம் எழுத்தாளர்கள் கண்டுபிடித்த வழி. அதைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் பதினாறு வயசுப் பிள்ளை ஒன்றுகூட உட்கார்ந்திருக்காது. நீ விழாவை வைத்துக்கொள், கூடவே ஐம்பது பிரதியை ஒதுக்கி இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்புகளுக்குக் கொண்டு போ. தமிழாசிரியர்கள் வாசலில் வரவேற்பார்கள். பிள்ளைகளோடு அரை மணி நேரம் பேசு. எழுத்தாளர் என்றால் வெள்ளை வேட்டி கட்டின தாத்தா என்று நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் ஜீன்ஸ் போட்ட உன்னைப் பார்க்கட்டும்.

முதல் புத்தகம் வந்த பிறகு

இதை யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். புத்தகம் வந்த பிறகு எழுத வராது. எஸ்.இ. ஹின்டன் என்ற அமெரிக்கப் பெண் பதினைந்து வயசில் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எழுதத் தொடங்கினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த சிநேகிதன் ஒருவனை வழியில் அடித்துப் போட்டார்கள், அந்தக் கோபத்தில் பிறந்த கதை. பணக்காரப் பையன் கூட்டம், ஏழைப் பையன் கூட்டம், நடுவில் அநியாயமாகப் போகிற உயிர்கள். நம்ம ஊருக்கு ரொம்ப அந்நியமான கதை இல்லை. 1967-ல் புத்தகமாக வந்தபோது அவளுக்குப் பதினெட்டு. பெயரும் புகழும் வந்ததும் அவளுக்குப் பேனா ஓடவே இல்லை, வருஷக்கணக்காக. எழுதின ஒவ்வொரு வரியும் ஊர் பார்க்கும் என்ற பயம்.

பின்னால் அவள் கல்யாணம் செய்துகொண்ட பையன்தான் அப்போது ஒரு நிபந்தனை போட்டான். தினம் இரண்டு பக்கம். எழுதாவிட்டால் அன்றைக்கு வெளியே கூட்டிப் போக மாட்டேன். அவளும் இரண்டு பக்கம், இரண்டு பக்கம் என்று எழுதிச் சேர்த்தாள். 1971-ல் அடுத்த நாவல் வந்தது.

உனக்கு அப்படிக் கண்டிப்பான ஆள் கிடைக்கிற வரைக்கும் நான் இருக்கிறேன். தினம் ராத்திரி பத்து மணிக்கு அன்றைய முந்நூறு சொல்லை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. படிக்க மாட்டேன், எண்ணிக்கையை மட்டும் பார்ப்பேன். வராத நாளில் போன் அடிப்பேன்.